மெட்டு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் காலத்திலிருந்தே முதலாளியின் பணத்தில்தான் திரைப்பாட்டு பிறக்கிறது, அப்படியிருக்க, மெட்டும் அவருக்கே சொந்தம் என்பதில் என்ன தவறு?
– வாசகர், கொட்டச்சேடு

பதில்: மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, ஊதியம் தந்து இசையமைக்கச் செய்த தயாரிப்பாளரே பதிப்புரிமையின், அதாவது படைப்பைப் படியெடுக்கவும் விற்கவும் உள்ள உரிமையின், முதல் உடைமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது கிடைக்கும் ராயல்டி எனும் உரிமத்தொகையில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள சமபங்கை, அவர்களே கையெழுத்திட்டாலும் தயாரிப்பாளருக்குப் போய்விடாதபடி காத்தது. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்தை விலைக்கு வாங்கலாம், மழையை வாங்க முடியாது. முதலீடு நிலமாகவும் கற்பனை மழையாகவும் இருப்பதால், விளைச்சலில் முதலாளி, படைப்பாளி இருவருக்கும் பங்குண்டு என்பதே நியாயம்.