காத்திருப்போர் வரிசையில் நான் ஜூனியர்

மலாக்காவில் கல்யாணத்துக்குக் காத்திருப்பவர்களை சீனியாரிட்டிப்படி நிற்க வைத்தால் நான் கடைசி ஆள். முதலிடம் பிள்ளையாருக்கு. அம்மாவைப் போல ஒரு பெண் கிடைத்தால்தான் ஆச்சு என்று சொல்லிவிட்டு ஆற்றங்கரை ஆற்றங்கரையாக உட்கார்ந்து, போகிற வருகிற பெண்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர். மலாக்காவுக்கு மாற்றலாகி வந்தது 1781-இல். ஜாலான் துக்காங் எமாஸில் மலாக்கா செட்டிகள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலில் இன்னும் சிங்கிளாகத்தான் இருக்கிறார். அவரிடம்தான் அத்தை என்னை நெய்விளக்கு ஏற்றக் கூட்டிப் போவார்.

“அவருக்கே இன்னும் ஆகலையே, அத்தை?”

“அனுபவம் உள்ளவங்ககிட்டதானே யோசனை கேக்கணும்!”

இரண்டாம் இடம் குனோங் லேடாங் இளவரசிக்கு. மலாக்காவின் கடைசி சுல்தான் மாமூட் ஷா பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது அவள் நீட்டிய பட்டியலை ‘செஜாரா மெலாயு’ எழுதி வைத்திருக்கிறது. மலையிலிருந்து மலாக்கா வரை தங்கத்தில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம், ஏழு தட்டு கொசு இதயம், ஒரு தாழி கண்ணீர், ஒரு தாழி இளம்பாக்குச் சாறு, கடைசியாக ராஜாவின் ரத்தமும் அவர் மகனின் ரத்தமும் ஒவ்வொரு கிண்ணம். ராஜா ரத்தம் என்றதும் பின்வாங்கினாராம். பாலத்துக்கு அசராதவர்! அப்போதைய பட்ஜெட் அப்படி.

அத்தையின் கட்சி, நான் நிபந்தனைகளைக் குறைக்க வேண்டும் என்பது. நான் வரலாற்றைப் பார்க்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தவருக்கும் ஆகவில்லை, தட்டு தட்டாகக் கேட்டவளுக்கும் ஆகவில்லை. ஆகவே நடுவாந்திரமாக மூன்று வைத்திருக்கிறேன். சாப்பிட்ட தட்டை அவரே கழுவ வேண்டும். காடி ஓட்டும்போது போனை நோண்டக் கூடாது. நான் ஜோக் சொன்னால் சிரிக்க வேண்டும், பொய்யாகவாவது.

“முதல் ரெண்டும் சரி,” என்றார் அத்தை. “மூணாவதுதான் கஷ்டம்லா.”

எங்கள் குடும்பத்தில் காத்திருப்பது ஒரு காலத்தில் ஆண்களின் வேலையாக இருந்தது. லேடாங் மலையடிவாரத்தில் புக்கிட் அசஹான் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் நாங்கள். 1931 குடிக்கணக்கில் மலாயா இந்தியர்களிடையே ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூடக் கிடையாது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டி வந்ததில் ஆண்களே அதிகம். கொள்ளுப்பாட்டி லயத்து வாசலில் முறத்தோடு உட்கார்ந்தால், இரண்டு வீடு தள்ளி யாராவது ஒருவர் காரணமே இல்லாமல் விறகு பிளந்துகொண்டிருப்பாராம். அவர்களில் நன்றாகப் பிளந்தவர்தான் கொள்ளுத்தாத்தா. எனக்கு அடுப்பு கேஸ்.

பொறுமை எனக்கு நிறையவே உண்டு. இல்லாதது சொந்தபந்தத்துக்குத்தான். சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் இரவு, சாப் கோ மே அன்று, கன்னிப்பெண்கள் ஆரஞ்சுப் பழத்தில் பேர் எழுதித் தண்ணீரில் வீசினால் நல்ல மாப்பிள்ளை அமைவான் என்று என்னோடு வேலை பார்க்கும் சீனத்தோழி சொல்ல, அது அத்தை காதில் விழுந்துவிட்டது. அந்த வருடம் மாசி மகமும் அதே பௌர்ணமியில். காலையில் செங் சன்னாசிமலை ஆண்டவருக்கு அர்ச்சனை, ராத்திரி கிளேபாங் கடலில் ஆரஞ்சு. இப்போதெல்லாம் பேரோடு போன் நம்பரும் எழுதுகிறார்கள். அழியாத மார்க்கரில் எழுதி, கையைச் சுழற்றி வீசினேன். கிளேபாங் கடலுக்கு அலையே சோம்பல். அன்றைக்கு மட்டும் உழைத்து, பழத்தைத் திருப்பிக் கொண்டுவந்து காலடியில் போட்டது. அத்தை எடுத்து, துடைத்து, மறுபடி வீசினார். மறுநாள் ஒரு மெசேஜ் வந்தது. ஆவலோடு திறந்தேன். அவசரக் கடன் வேண்டுமா, அடையாள அட்டை இருந்தால் போதும் என்றது.

பெண் பார்ப்பதும் இப்போது கிளேபாங்கில்தான். வீட்டுக்கு வந்தால் கேசரி கிண்ட வேண்டும்; இங்கே தேங்காய் ஷேக் வாங்கிக் கொடுத்தால் முடிந்தது. பக்கத்திலேயே நீர்மூழ்கிக் கப்பல் மியூசியம். நம் கடற்படைக்காரர்கள் பிரான்ஸில் பயிற்சி எடுத்த கப்பல். 2011-இல் கொண்டுவந்து கரையேற்றினார்கள். “பேச ஒண்ணும் இல்லைன்னா கப்பலைப் பத்திப் பேசு,” என்பது அத்தையின் உத்தரவு.

போன தடவை வந்தவர் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தார். அம்மா, சித்தி, ஒரு லேப்டாப் பை. நான் கப்பலைப் பற்றி ஆரம்பித்தேன்: “தண்ணிக்கு அடியிலேயே இருந்துட்டு, கடைசியில மணல்ல வந்து நிக்குது பாருங்க.” அவர் சிரித்தார். மூன்றாவது நிபந்தனை! என் நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டது, மறைக்க மாட்டேன். ஐஸ்கிரீம் உருண்டை ஷேக்கில் மெல்ல முங்கிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?” என்றார்.

“கேளுங்க.”

“மெடிக்கல் கார்டு எடுத்துட்டீங்களா? உங்க வயசுல இப்பவே எடுத்தா பிரீமியம் கம்மி.”

பையிலிருந்து பிரசுரம் வெளியே வந்தது. மழையில்லாத நாள், நல்ல காற்று, தூரத்தில் பட்டம் விடும் பிள்ளைகள். எனக்கு முப்பத்தாறு வகை கொடிய நோய்களின் பட்டியல். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நோய்களை அவ்வளவு அன்பாக விளக்கினார். மாப்பிள்ளை அமையவில்லை. அத்தை மட்டும் ஒரு பாலிசி எடுத்துக்கொண்டார்.

அடுத்தமுறை வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்று, பொட்டை நடுவில் வைத்து, அழித்து, திரும்ப வைக்கிறேன். அந்த நேரத்தில் எனக்குள் ஒருத்தி பாட்டே முணுமுணுக்கிறாள். அவளை எனக்குப் பிடித்திருக்கிறது.

நேற்று ராத்திரி அத்தை கூப்பிட்டார். “ஞாயித்துக்கிழமை சாயந்திரம், அதே கடை. நல்ல பையன், தட்டு கழுவுவானாம், விசாரிச்சுட்டேன். இன்சூரன்ஸ் இல்ல, சத்தியமா.”

“என்ன வேலை, அத்தை?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“வாட்டர் ஃபில்டர்.”

“சரி, வரேன்,” என்றேன். “நம்ம வீட்டு ஃபில்டரும் பழசாயிருச்சு.”