பட்டாளம் இல்லாத சைக்கிள்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று விரல் மடக்குவார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் மறுபடி கோட்டைக் கோயிலில் வந்து அமர்ந்துவிட்டதால் ஒரு விரல் மடங்காமல் நின்றுபோனது. அந்த விரலுக்கு வேலை கொடுக்கத்தான் நம்மவர் அவதரித்திருக்கிறார். பட்டாளமில்லாத பட்டாளத்து சைக்கிள் வைத்திருப்பவர்.

அவர் ஒரே ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு ரகம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஆம்பூர்ப் பக்கம் ஏதாவது ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் காலம் தள்ளியிருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் ஸ்போக்ஸ் கீ இருக்கும். முக்கியமான அடையாளம், பட்டாளத்தில் ஒருநாள்கூட இருந்திருக்க மாட்டார். எங்கள் பக்கம் நிஜப் பட்டாளத்துக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. வேலூருக்குப் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர். எல்லையில் பனியில் நின்றுவிட்டு வந்த சுபேதார் இங்கே மொபெட்டில் தவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறார். அவருக்கு ராணுவ சைக்கிள் மேல் எந்த மோகமும் இல்லை. மோகமெல்லாம் என்.சி.சி.யில் இரண்டு வருஷம் பரேடு முடிந்து பூரி கிழங்கு சாப்பிட்டவர்களுக்குத்தான்.

நான் அப்படி ஒருவரின் எதிர்வீட்டுக்காரன். எனக்கும் அவருடைய சைக்கிளுக்கும் உள்ள சம்பந்தம் ஒரே ஒரு வாக்கியத்தில் தொடங்கியது. "தம்பி, ஒரு நிமிஷம் இதைப் பிடியேன்." பிடித்தேன். அது நடந்து ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது.

அவர் செய்வது பிரிட்டிஷ் ராணுவத்துக்கு பி.எஸ்.ஏ. கம்பெனி செய்துகொடுத்த 'மார்க் ஃபைவ்' மாதிரி. பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861இல் துப்பாக்கி செய்கிறவர்கள் ஒன்றுகூடி ஆரம்பித்தது. மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தியதுதான் முத்திரை. நம் அப்பாக்கள் அந்த முத்திரைக்குப் பின்னால் ரேஷன் அரிசியையும் முன்னால் பாரில் நம்மையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். யாரும் சல்யூட் அடித்ததாக ஞாபகம் இல்லை. நம்மவர் மட்டும் அந்த முத்திரையைப் பார்த்தால் இரண்டு குதிகாலையும் சேர்த்துக்கொள்வார்.

சைக்கிளின் ஃபிரேம் ராணிப்பேட்டை. ஃபோர்க் வாணியம்பாடிக் காயலான் கடை. சக்கரங்கள் குடியாத்தத்துப் பால்காரரிடம் கெஞ்சி வாங்கியவை. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இந்த சைக்கிளும் சத்தமில்லாமல் மூன்று மாவட்டத்துக்குச் சொந்தமாகிவிட்டது. "இதில் உலகப் போரைப் பார்த்த பாகம் எதுண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்து, "பெல்" என்றார். கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தோம். உள்பக்கம் லூதியானா என்று இருந்தது. மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அவருடைய குருநாதர், எதிரி, வைத்தியர் எல்லாமே பஸ் ஸ்டாண்டு பின்னால் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய்தான். ஒரு காலத்தில் நாற்பது வாடகை சைக்கிள் விட்ட கடை. குரங்குப் பெடல் போட்டுப் பழகிய பாதி ஊருக்கு முட்டியில் இருக்கும் தழும்பு அந்தக் கடையின் உபயம். இப்போது பாய் மொபெட்டுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். நம்மவர் அவரிடம் போய் முன் சக்கரத்தில் முப்பத்திரண்டு கம்பி, பின் சக்கரத்தில் நாற்பது கம்பி என்று ஏதோ ராணுவ ரகசியத்தைச் சொல்வதுபோல் காதில் சொன்னார். பாய் பீடியை எடுக்காமலே, "எல்லா சைக்கிள்லயும் அதான சார் கீது" என்றார்.

நம்மவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். முன் சக்கரத்துக்கு ஒரு பக்கம் பத்து பால்ஸ், பின் சக்கரத்துக்கு ஒரு பக்கம் ஒன்பது. வெள்ளைத் துணி விரித்து, நகைக்கடைக்காரர் மாதிரி இடுக்கியால் எடுத்து, கிரீஸில் பதிப்பார். ஒன்பதாவது உருண்டு சாக்கடைக்குள் போகும். நாங்கள் இருவரும் குப்புறப் படுத்துத் தேடுவோம். கோனை இறுக்கினால் சக்கரம் சுற்றாது, தளர்த்தினால் ஆடும். அந்த இரண்டுக்கும் நடுவில் அரைக்கால் திருப்பில் ஒரு இடம் இருக்கிறது என்று அவர் சொல்லுவார். சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தால், வால்வு இருக்கும் பக்கம் கனத்தில் தானாகக் கீழே வந்து, அங்கே ஊசலாடி நிற்க வேண்டும். அந்த ஊசலாட்டத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கண்ணைத் திறந்ததும், "இன்னும் ஒரு நூல்" என்பார். தூக்கிப் பிடித்திருப்பது நான்.

பிறகு கோட்டம் எடுப்பது. ஃபோர்க்கில் ஒரு சாக்பீஸைக் கட்டி, ரிம் எங்கே உரசுகிறதோ அங்கே எதிர்ப்பக்கத்துக் கம்பியின் நிப்பிளை முறுக்க வேண்டும். இதை பாய் பத்து நிமிஷத்தில், எதிர்க்கடைக்காரரோடு அரசியல் பேசிக்கொண்டே செய்துவிடுவார். நம்மவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செய்தார். முடிவில் சக்கரம் எட்டு மாதிரி இருந்தது. பாயிடம் கொண்டுபோனோம். பத்து நிமிஷம்.

காட்டர் பின் விஷயத்தில்தான் உண்மையான சண்டை வந்தது. கிராங்கை அச்சில் நிறுத்துவது அந்தச் சின்ன ஆப்பு. இரண்டு பக்கத்து ஆப்பும் ஒன்றுக்கொன்று நேர்மாறாக இறங்க வேண்டும். நம்மவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டையும் ஒரே வாட்டத்தில் இறக்கிவிட்டார். பெடல்கள் நேர்கோட்டில் இல்லை. வலது கால் ஓட்டும், இடது கால் நொண்டும். "இது ராணுவ அமைப்பாக இருக்கலாம்" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். பாய் சுத்தியலை எடுத்து ஒரே போடு போட்டார். அந்தச் சத்தத்தில் நம்மவர் முகம் போன போக்கைச் சொந்தப் பிள்ளைக்கு ஊசி போடும்போதுகூட நான் பார்த்ததில்லை. பழைய இங்கிலீஷ் கிராங்குக்கு ஒன்பதரை மில்லி பின் வேண்டும், கிடைத்தது ஒன்பது. பாய் பேரீச்சம்பழ டப்பாத் தகரத்தை வெட்டிச் சுற்றி அடித்து இறுக்கினார். அன்றிரவு நம்மவர் சாப்பிடவில்லை.

சீட்டு மட்டும் அவருடைய சொந்த சாம்ராஜ்யம். அங்கே பாய்க்குக்கூட அனுமதி கிடையாது. ஷூவுக்குப் போகிற குரோம் தோல் ஒன்றேகால் மில்லி, ஒன்றரை மில்லி. அதில் சீட்டு செய்தால் ஒரே மழையில் தொட்டிலாகிவிடும். சீட்டுக்கு வேண்டியது அதைப்போல் மூன்று மடங்கு தடிப்பில், மரப்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிப் பதமான தோல். நாலு தோல் ஷாப்பு ஏறி இறங்கி, மோந்து, மடக்கி, நகத்தால் கீறி, ஒரு துண்டு கொண்டுவந்தார். ஈரப்படுத்தி, மர அச்சில் இழுத்துக் கட்டி, நிழலில் காயவைக்க வேண்டும். அச்சை யார் அளவுக்குச் செதுக்கினார் என்பதைப் பற்றி அவர் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது. மூன்றாம் நாள் மொட்டை மாடியில் அச்சு மட்டும் இருந்தது. தெருநாய் கொண்டுபோய்விட்டது. நம்மவர் கோபப்படவில்லை. "குரோம் தோலாக இருந்தால் தொட்டிருக்குமா?" என்று பெருமையோடு கேட்டார். ஆம்பூர் நாய் கொடுத்த தரச் சான்றிதழ்!

இவ்வளவும் எதற்கு என்று கேட்பீர்கள். ஜூலை 10ஆம் தேதிக்கு. 1806இல் அந்த நாள் விடிவதற்கு முன்னால்தான் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் மக்கான் பக்கத்து நினைவுத் தூணில் மாலை போடுவார்கள். அன்றைக்குச் சிப்பாய் வேஷம் போட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் தன் சைக்கிளோடு நிற்க வேண்டும் என்பது நம்மவரின் ஆசை. அவருக்கு இதில் தொழில்முறைப் பாத்தியதையும் உண்டு. நெற்றியில் மதக்குறி கூடாது, தாடி கூடாது, தலைப்பாகைக்குப் பதில் தோல் குஞ்சம் வைத்த புதுத் தொப்பி என்று 1805 நவம்பரில் வந்த உத்தரவுதானே அந்தத் தீயைப் பற்றவைத்தது? "இந்த ஜில்லாவில் தோலைத் தப்பான இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுதான் முதல் பாடம்" என்பார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் தெரு ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அங்கிள், 1806ல சைக்கிள் இருந்துச்சா?"

நம்மவர் நிதானமாக மீசையைத் தடவினார். 1817இல் கார்ல் டிரைஸ் என்ற ஜெர்மானியர் மன்ஹைமில் பெடல் இல்லாத இரண்டு சக்கர வண்டியைக் காலால் உந்தி ஓட்டிக் காட்டியதைச் சொன்னார். "வெறும் பதினோரு வருஷ வித்தியாசம்தான் பாப்பா." அதோடு விட்டாரா? ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடிவந்து புரட்சியை அடக்கினாரே, சிப்பாய்கள் பக்கம் சைக்கிள் இருந்து, முன்கூட்டியே ஆற்காட்டு ரோட்டில் நாலு பேர் காவலுக்குப் போயிருந்தால் சரித்திரமே வேறு என்றார். அந்தப் பெண் அதற்குள் ஐஸ்காரரைப் பார்த்துவிட்டாள்.

சைக்கிள் பட்டாளத்தின் சரித்திரம் அவர் பக்கம் இல்லை என்பதுதான் வேடிக்கை. 1916இல் லண்டன், கென்ட் சைக்கிள் பட்டாளங்கள் இந்தியாவுக்கு வந்தன. வருவதற்கு முன்பே அவற்றைக் காலாட்படையாக மாற்றியிருந்தார்கள். பெயரில் மட்டும் சைக்கிள். நிஜமாகவே சைக்கிளில் போய் ஜெயித்தவர்கள் ஜப்பானியர்கள். 1941 டிசம்பர் 8ஆம் தேதி மலாயாவில் இறங்கியவர்கள், 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரைப் பிடித்துவிட்டார்கள். ஊர்க்காரர்களின் சைக்கிளைப் பிடுங்கியும் ஓட்டினார்கள். டயர் போனால் வெறும் ரிம்மிலேயே மிதித்தார்கள்; ராத்திரியில் அந்தத் தடதட சத்தத்தை டாங்கி என்று எதிரிகள் நினைத்தார்களாம். கம்பி எண்ணிக்கை சரியா, பெல் லூதியானாவா என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கதையை நான் பாயிடம் சொன்னேன். ஒவ்வொரு கம்பெனியோடும் ரிப்பேர் பார்க்க இரண்டு மெக்கானிக் போனார்கள் என்ற இடத்தில் மட்டும் அவர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்தினார். "ரெண்டு பேருக்கும் சம்பளம் யாரு குடுத்தது?" என்றார்.

இந்த வருஷம் ஜூலை 10 காலை நம்மவர் காக்கி உடுத்தி, கான்வாஸ் பையும் தண்ணீர்க் குடுவையும் மாட்டி, சைக்கிள் கொக்கிகளில் தச்சர் செய்துகொடுத்த மரத் துப்பாக்கியைப் பொருத்திக்கொண்டு புறப்பட்டார். சைக்கிள் டெம்போவில் வந்தது. வேலூரில் இறக்கியபின்னும் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தார், நாய்க்குப் பிறகு மறுபடி செய்த புதுச் சீட்டு மடங்கிவிடுமாம். சிக்னலில் வயதான போலீஸ்காரர் ஒருவர் கை காட்டினார். துப்பாக்கியைத் தட்டிப் பார்த்தார். கட்டை. சைக்கிளைச் சுற்றி வந்தார். அவருடைய கண்ணில் முப்பது வருஷத்துப் பழைய வெளிச்சம் ஒன்று வந்தது. "லைட் எங்க?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "டபுள்ஸ் போகக் கூடாது, தெரியுமில்ல?" என்றார். நம்மவர் வாழ்நாளில் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருடைய சைக்கிளை நிஜமான சைக்கிளாக மதித்த முதல் அரசாங்க அதிகாரி அவர்தான்.

நினைவுத் தூணுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை போட்டு முடித்து, பந்தல்காரர் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். நம்மவர் சைக்கிளை நிறுத்தி, தூணுக்கு ஒரு சல்யூட் அடித்தார். இடது பெடல் லேசாக ஆடியது. டப்பாத் தகரம் நழுவிவிட்டது.

எனக்கும் இப்போது தெருவில் போகிற சைக்கிள்களின் கம்பியை எண்ணும் பழக்கம் வந்துவிட்டது. அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் பழைய இங்கிலீஷ் சைக்கிள் ஏதாவது கிடந்தால், கிராங்கைக் கொஞ்சம் பாருங்கள். ஒன்பதரை மில்லி காட்டர் பின், இரண்டு வேண்டும். நட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.