டப்பா வதைப் படலம்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் அதைத் தொடரும் தூக்கத்துக்கும் நடுவே ஒரு சடங்கு நடக்கிறது. அலமாரியின் பின்புறத்திலிருந்து ஏர் கன் வெளியே வரும். அத்தை மகன், பெரியப்பா, ஊருக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை என ஆண்கள் கூட்டம் வாய்க்கால் ஓரம் கூடும். எதைச் சுடுவது என்ற கேள்வி எழும். ஒருவர் வீட்டுக்குள் போய்க் காலி டப்பா ஒன்றோடு திரும்புவார். யாரும் மறுத்துப் பேசுவதில்லை. இந்த ஒருமித்த முடிவின் காரணம் என்ன என்பதே ஆய்வுப் பொருள். தொல்காப்பியர் இதற்கு இலக்கணம் வகுக்காமல் விட்டதை மன்னிக்கலாம். அவர் காலத்தில் ஏர் கன் இல்லை. பின்வந்தவர்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. ஆகவே இங்கே நிறுவ முனையும் துணிபு இது: சொந்தத் தோட்டத்தில் பொழுதுபோக்குக்காகக் குறி சுடுகிறவருக்கு உரிய இலக்கு, பட்டால் விழுகிற பொருளே. வட்டம் வட்டமாகக் கோடு போட்ட காகிதம் அந்த இடத்துக்குப் பொருந்தாது. மனித குலமும் நெடுங்காலமாக விழுகிற பொருளைத்தான் தேடி வந்திருக்கிறது.

முதலில் அளவைகள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கான காகிதத்தில் மொத்த வட்டத்தின் விட்டம் 45.5 மில்லிமீட்டர். அதன் நடுவே பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி 0.5 மில்லிமீட்டர், பேனா முனை தவறிப் பட்டது போல இருக்கும். 330 மில்லிலிட்டர் பிடிக்கும் குளிர்பான டப்பாவோ 66 மில்லிமீட்டர் அகலம், சுமார் 115 மில்லிமீட்டர் உயரம். பரப்பைக் கணக்கிட்டால் டப்பாவின் முகம் அந்த முழு வட்டத்தைப் போல நாலரை மடங்குக்கும் அதிகம். நடுப்புள்ளியைப் போல 38 ஆயிரம் மடங்குக்கும் அதிகம். (4.5 மில்லிமீட்டர் பெல்லட்டின் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே பத்து என்பது விதி. இதைச் சொன்னால் மேற்படி கணக்கின் கம்பீரம் குறையும் என்றாலும் ஆய்வு நேர்மை சொல்ல வைக்கிறது.) இதிலிருந்து பெறப்படுவது யாது? காகிதத்தில் ஒன்று வாங்கியவரும் பத்து வாங்கியவரும் டப்பாவின் முன் சமம். இரண்டு பேருக்கும் டப்பா விழும். வட்டத்துக்கே வெளியே சுட்டுக் காகிதத்தில் பூஜ்யம் வாங்கியிருக்க வேண்டியவருக்கும் பல சமயம் விழும். இவ்வளவு பெருந்தன்மையான இலக்கு வேறொன்று இல்லை.

இனி இலக்கியச் சான்று. கிட்கிந்தையில் சுக்கிரீவனுக்கு ஐயம் வந்தபோது இராமன் மராமரம் ஏழையும் ஓர் அம்பால் துளைத்துக் காட்டுகிறான். நாட்டுப்புற நிலத்தில், சாட்சிகள் முன்னிலையில், கைக்குக் கிடைத்த பொருளை இலக்காக்கிச் செய்த குறிப்பயிற்சி இது என்பதைக் கவனிக்க வேண்டும். இலக்குமணன் ஓலையில் வட்டம் வரைந்து மரத்தில் கட்டவில்லை. எத்தனையாவது வளையத்தில் பட்டது என்று சுக்கிரீவன் கேட்கவும் இல்லை. துருபதன் அவையிலும் அப்படித்தான். உயரத்தில் கட்டிய பொறியை அருச்சுனன் அடிக்கிறான், அது கீழே விழுகிறது, மாலை விழுகிறது. அவனுக்கு 9.4 கொடுத்துக் கர்ணனுக்கு மறுவாய்ப்பு தரலாமா என்று அவையோர் கூடிப் பேசியிருந்தால் பாரதக் கதை அங்கேயே முடங்கியிருக்கும். காவியப் புலவர்கள் இந்த நுட்பத்தை அறிந்திருந்தார்கள். விழுதல் கதையை நகர்த்தும், மதிப்பெண் நகர்த்தாது.

புலவர் கூற்று ஒருபுறம் இருக்கட்டும், வரலாறு என்ன சொல்கிறது என்பார்க்கு அதுவும் உண்டு. ஐரோப்பாவின் பழைய வில்லாளிகள் உயர்ந்த கம்பத்தின் உச்சியில் மரப் பறவை வைத்து அதை அடித்து வீழ்த்தினார்கள். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் வரை இந்த விளையாட்டு வந்து சேர்ந்தது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த போட்டியில் உயிருள்ள புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டார்கள். சுமார் 300 புறாக்கள் மடிந்தன, பார்த்தவர்களுக்கே சகிக்கவில்லை. அமெரிக்காவில் அதற்கு முன்பே உயிர்ப் புறாவுக்கு மாற்றாகக் கண்ணாடி உருண்டைகளை எறிந்து சுட்டார்கள். மைதானம் முழுக்கக் கண்ணாடிச் சில்லுகள் சேரவே, 1880இல் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் சிறு தட்டு போன்ற களிமண் புறாவைக் கொண்டுவந்தார். பறவை, கண்ணாடி, களிமண் என்று பொருள் மாறியதே தவிர, பட்டால் உடைந்து விழ வேண்டும் என்ற ஆசை மாறவில்லை. மெக்சிகோவில் இன்னும் கறாராக இருக்கிறார்கள். அங்கே தோன்றிய உலோக உருவப் போட்டியில் 200 மீட்டரில் கோழி, 300இல் பன்றி, 385இல் வான்கோழி, 500இல் ஆட்டுக்கடா என்று இரும்பில் வெட்டிய உருவங்கள் நிற்கும். குண்டு பட்டு டங்கென்று ஓசை கேட்டாலும் உருவம் நின்ற இடத்தில் நின்றால் மதிப்பெண் இல்லை. சாய வேண்டும். எந்தத் தத்துவ நூலும் இத்துணிபை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது.

இங்கே மறுப்பாளர் குறுக்கிடுவார். டப்பாவைச் சுட்டவன் எவனாவது முன்னேறியிருக்கிறானா? அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே சுடுதளம் அமைத்துத் தந்தார்கள். அவர் 2008இல் பெய்ஜிங்கில் 700.5 புள்ளிகளோடு தங்கம் வாங்கினார். அது டப்பாவை வைத்தா வந்தது? 2020 ஊரடங்கின்போது கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றோர் வீட்டிலிருந்தபடியே இணையவழிப் போட்டிகளில் சுட்டார்களே, அவர்கள் முன்னே இருந்தது பால் பவுடர் டப்பாவா? வலுவான மறுப்புதான், ஆனால் இடம் மாறி விழுகிறது. அவர்கள் வீட்டில் செய்தது பொழுதுபோக்கு அன்று, வீட்டிலிருந்து வேலை. மென்பொருள் நிறுவனத்துக் கணினியைப் படுக்கையறைக்குக் கொண்டுவந்து விட்டதனால் படுக்கையறையின் இயல்பு மாறிவிடாது. மேலும் காகிதத்தின் தாய்வீடே இப்போது டப்பாவின் பக்கம் சாய்ந்து வருகிறது. 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் இறுதிச் சுற்றில், 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது, 9.7 அல்லது அதற்கு மேல் பட்டால் பட்டது, இல்லாவிட்டால் இல்லை என்ற இரண்டே விடைதான். விஜய் குமார் வெள்ளி வென்றது அந்த முறையில். பனியில் சறுக்கிக்கொண்டே போய்ச் சுடும் பயத்லானில் தொடக்க காலத்தில் காகித இலக்கு இருந்தது. இன்று 50 மீட்டர் தொலைவில் ஐந்து கரும்புள்ளிகள், படுத்துச் சுட 45 மில்லிமீட்டர், நின்று சுட 115 மில்லிமீட்டர். பட்டால் தகடு சாய்ந்து கருப்பு இடம் வெள்ளையாகிவிடும். ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானோர் கடுங்குளிரில் நின்று பார்ப்பது அந்தக் கணத்தைத்தான். காகிதத்தை வாங்கிக் கண்ணாடி வைத்து எண்ணிக்கொண்டிருந்தால் யார் நிற்பார்?

ஆயினும் காகிதத்தை விலக்குவதற்கான தலையாய காரணம் குடும்பம் சார்ந்தது. காகிதம் ஆடிட்டர் மாதிரி. வந்துபோன எல்லாவற்றையும் பதிந்து வைத்துக்கொண்டு ஆண்டு முடிவில் நீட்டும். மாமனாரின் ஐந்து குண்டுகள் எங்கெங்கே போயின, மருமகனின் ஐந்து எங்கே போயின என்பதற்கு ஆவணம் உருவாகிவிடுகிறது. அந்த ஆவணம் தீபாவளிக்கும் வரும், சொத்துப் பேச்சு நடக்கும்போதும் வரும். டப்பா அப்படிப்பட்டது அன்று. ஓட்டைகளுக்குப் பெயர் இல்லை. மூன்றாவது ஓட்டை யாருடையது என்பதில் இரண்டு பேர் உரிமை கோரலாம், இரண்டு பேரும் மனநிறைவோடு வீடு திரும்பலாம். தவறிய குண்டு மண்மேட்டுக்குள் புகுந்து சாட்சி சொல்லாமல் கிடக்கும். காற்று இழுத்துவிட்டது என்று சொன்னால் மறுக்க ஆதாரம் இல்லை. கூட்டுக் குடும்பத்துக்கு ஏற்ற இலக்கு எது என்று நடுவர் மன்றம் வைத்தாலும் தீர்ப்பு வேறாக இராது.

காற்று என்றதும் அடுத்த தடை எழுகிறது, இது அறிவியல் தடை. காலி டப்பாவின் எடை 15 கிராமுக்கும் குறைவு. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வரும் காற்று உடுமலைக் காற்றாலைகளையே சுழற்றும்போது டப்பாவை விட்டுவைக்குமா? சுடாமலே விழுந்த டப்பாவைச் சுட்டு விழுந்ததாகக் கணக்கில் சேர்க்கும் தீய வழக்கம் இந்தப் பருவத்தில் பெருகும். பரிகாரமாகத் தண்ணீர் நிரப்பலாம் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. சாதாரண ஏர் கன்னின் பெல்லட் அரை கிராம் எடை, நொடிக்கு 180 மீட்டர் வேகம் என்று கொண்டால் அதன் ஆற்றல் எட்டு ஜூல் அளவே. தண்ணீர் நிறைந்த டப்பா பெரும்பாலும் அசையாமல் நின்றபடி ஓட்டை வழியே ஒழுகும். ஒழுகுதல் அழகுதான், விழுதல் ஆகாது. அடியில் இரண்டு விரற்கடை மணல் போடுவதே நடுநிலை: காற்றுக்கு நிற்கும், மேல்புறத்தில் பட்டால் சாயும். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைப்பாரும் உளர். அது டொக்கென்று சொல்லிவிட்டு இருந்த இடத்திலேயே இருப்பதால் இரண்டாம் தரம். கடலை எண்ணெய் டின்னுக்கு ஓசை மிக நன்று, ஆனால் அதைத் தவறவிடுபவர் அன்று முழுவதும் கேலிக்கு உள்ளாவார். கண்ணாடிப் பாட்டிலை எவ்வகையிலும் ஏற்க முடியாது. லிகோவ்ஸ்கி காலத்திலேயே தீர்ந்த வழக்கு அது, தோப்பில் வெறுங்காலோடு நடப்பவர்களும் இருக்கிறார்கள்.

விழுந்த டப்பாவை யார் எடுத்து நிறுத்துவது என்ற பொருளாதாரக் கேள்வியும் உண்டு. பயத்லான் களத்தில் கயிற்றை இழுத்தால் தகடுகள் மீண்டும் எழும். தோட்டத்தில் அந்தக் கயிற்றின் இடத்தை வகிப்பவர் அங்கே இருப்பவர்களில் வயதில் இளையவர். சுட வாய்ப்பு தருவதாகச் சொல்லி அழைத்து வந்த பையன் பிற்பகல் முழுவதும் டப்பா நிறுத்துவான். இதைச் சுரண்டல் என்று கண்டிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: சுடும் ஒழுங்கு முழுவதும் அவனைச் சுற்றித்தான் அமைகிறது. அவன் முன்னே நடந்தால் எல்லோரும் நிறுத்த வேண்டும். காகிதம் வைத்தவர்கள் இருபது குண்டு தொடர்ந்து சுட்டுத் தள்ளுவார்கள். டப்பா வைத்தவர்கள் நொடிக்கு நொடி நின்று ஆள் எங்கே என்று பார்க்கிறார்கள்.

கடைசி மறுப்பு விளையாட்டு அன்று. ஏர் கன் பொம்மைதானே என்ற எண்ணம்தான் அது. எட்டு ஜூல் பெல்லட் கண்ணைப் போக்கப் போதும். மேல் நோக்கிச் சுட்டால் சில நூறு மீட்டர் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் இறங்கும், அங்கே தென்னை உச்சியில் தேங்காய் பறிப்பவர் இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளையோ உள்ள ஏர் கன்னுக்கு உரிமம் கேட்கின்றன. அதற்குக் கீழே இருப்பதால் எதையும் சுடலாம் என்று பொருள் இல்லை. விழுகிற பொருள் என்ற வரையறையில் மயிலும் கிளியும் அடங்கா. பயிரை மேய்கிறது என்று வாதிட்டு நாமே முடிவெடுத்துச் சுடுவதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏற்பதில்லை. பின்தடுப்பாகப் பம்ப்செட் அறைச் சுவரைப் பயன்படுத்துவாரும் உளர். கெட்டியான சுவரில் பட்ட பெல்லட் சுட்டவரையே தேடி வரும். எருக்குழி மேடு மென்மையானது, பின்னால் யாரும் நிற்க விரும்பாத இடம் என்பதால் அறிஞர் சிலருக்கு அதில் ஈடுபாடு உண்டு. ஆனால் பெல்லட் ஈயம். எருவோடு வயலுக்குப் போகும், கோழி கொத்தும். பழந்துணியும் மணலும் திணித்த சாக்குகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, டப்பாவை அதன் முன்னே வைப்பதே தகும். அவ்வப்போது சாக்கைப் பிரித்து ஈயத்தைப் பொறுக்கி எடுத்துவிடலாம்.

எனவே டப்பாவே இலக்கு என்பது துணியப்பட்டது. நிறுத்தப் போன பையன் திரும்பி வந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும்வரை ஏர் கன்னின் குழலை மடித்தே வைத்திருங்கள். அடுத்த முறை அவன் கையில் கொடுத்து, நீங்கள் போய் டப்பாவை நிறுத்துங்கள்.