கிளாஸ்டன்பரிப் பந்தய மீமாம்சை: அபாவ காண்டம்

உலகத்தில் ஆராய்ச்சியாளரின் கைபடாமல் தப்பிய பொருள் ஒன்றும் எஞ்சியிருத்தல் கூடாது என்னும் உயர்ந்த கொள்கையினால் உந்தப்பெற்றே, இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பில்ட்டன் என்னும் சிற்றூரை அடுத்த வொர்தி பண்ணையில் நடைபெறும் கிளாஸ்டன்பரி இசைவிழாவில், பிரமிடு மேடையின்மீது வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று இரவுகளிலும் கடைசியாக ஏறிப் பாடப்போகும் தலைமைக் கலைஞர் யாவர் என்று அந்நாட்டார் பணம் வைத்துப் பந்தயம் கட்டும் வழக்கத்தை இங்கே விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறேன். இதனால் மனித குலத்துக்கு என்ன பிரயோஜனம் என்று வினவுவோர், நம் சர்வகலாசாலைகளில் பட்டம் பெற்ற ஆராய்ச்சி நூல்களின் தலைப்புகளை ஒருமுறை வாசித்துவிட்டுப் பிறகு வினவுமாறு வேண்டுகிறேன்.

முதலில் சரித்திரம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக 1961 மே மாதம் முதல் பிரிட்டனில் பந்தயக் கடைகள் பகிரங்கமாகத் திறக்கப்பட்டன; அதுவரை தெருமுனையில் போலீஸாரை ஒரு கண்ணாலும் வாடிக்கைக்காரரை மறு கண்ணாலும் பார்த்துக்கொண்டு நின்ற புக்மேக்கர், அன்று முதல் மேஜை நாற்காலியோடு கனவான் ஆனார். குதிரையும் வேட்டை நாயும் அவருடைய அறிவுப் பசிக்குப் போதவில்லை. 1964இல் ஓர் இளைஞர், அந்தப் பத்தாண்டு முடியுமுன் மனிதன் சந்திரனில் கால் வைப்பான் என்று ஆயிரத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் 10 பவுன் கட்ட, 1969இல் புக்மேக்கர் 10,000 பவுன் எண்ணிக் கொடுக்க நேர்ந்தது. கிறிஸ்துமஸ் அன்று பனி பெய்யுமா, இளவரசிக்குப் பிறக்கும் மகவுக்கு என்ன பெயர் என்பன போன்ற தத்துவ விசாரங்களும் அக்கடைகளில் தொடர்ந்து நடந்துவந்தன. அவற்றின் வரிசையில் வந்ததே நம் பொருள்.

இனிப் பிரமாணங்கள். ஒரு கலைஞர் வருவார் என்பதை அறிதற்குரிய கருவிகள் எத்தனை?

காட்சி: மேடையில் நேரே கண்டறிவது, அப்பொழுது பந்தயம் முடிந்துவிட்டிருக்குமாதலின் விலக்கத்தக்கது.

உவமானம்: சென்ற ஆண்டு வந்தவரைப் போன்றவர் இவ்வாண்டும் வருவார் என்பது; இதை நம்பிக் கெட்டவர் பலர்.

ஆகமம்: விழாவை நடத்தும் எமிலி ஈவிஸ் அம்மையாரின் திருவாக்கு. இது வெளிப்பட்ட கணத்தில் புக்மேக்கர் கடையை மூடிவிடுவாராதலின் இதனாலும் பயனில்லை.

எஞ்சுவது, பாட்ட மீமாம்சகர் துணிந்து தனிப் பிரமாணமாக ஒப்புக்கொண்ட அனுபலப்தி. அதாவது காணாமையினால் அறிதல். இந்தத் துறை முழுவதும் இந்த ஒற்றைத் தூணின்மேல் நிற்கிறது என்பதை எனக்கு முன் ஒருவரும் கண்டு சொல்லவில்லை. (கண்டு சொன்னவர்களை நான் படிக்கவில்லை.)

பாடகர் ஒருவர் தம் கோடைகாலச் சுற்றுப்பயண அட்டவணையை வெளியிடுகிறார் என்று கொள்வோம். புதன்கிழமை கோப்பன்ஹேகன் என்றும், அடுத்த செவ்வாய் பார்சிலோனா என்றும் அதில் கண்டிருக்கிறது. இடையே ஜூன் மாதத்துக் கடைசி வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் வெள்ளைக் காகிதமாகக் கிடக்கின்றன. பாமரன் இதனை வெற்றிடம் என்பான். பந்தய விற்பன்னரோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒலிபெருக்கிகளை ஏற்றிய லாரிகள் கடல் கடந்து சாமர்செட் சேர எத்தனை மணி, சேற்றில் புதைந்த சக்கரத்தை மீட்க எத்தனை மணி, மீண்டும் தெற்கே ஓட எத்தனை மணி என்று கூட்டிக் கழித்து, மிச்சம் ஒன்றேகால் நாள் இருக்கக் கண்டு, அந்த ஒன்றேகால் நாளின்மீது தம் வாரச் சம்பளத்தை வைக்கிறார். அந்த மூன்று நாளும் பாடகர் உறங்கப் போகிறார் என்று வாதிக்கும் சித்தாந்தம் ஒன்று உண்டெனினும், உறக்கத்துக்கு எந்தப் புக்மேக்கரும் விகிதம் கொடுப்பதில்லையாதலின் அது நாஸ்திக மதமாகத் தள்ளப்பட்டது. தம் பெயரை எங்கும் வெளியிடலாகாது என்று கையெழுத்திட்டு வேண்டிக்கொண்ட பேராசிரியர் ஒருவர், இன்னும் அச்சேறாத தம் நூலின் முன்னுரைக்கு எழுதிய பின்னுரையின் அடிக்குறிப்பில், வெள்ளி மட்டும் காலியாக இருத்தல் அற்ப சூன்யம் எனவும், மூன்றும் காலியாக இருத்தல் பூர்ண சூன்யம் எனவும் வகுக்கிறார். அதே நூலின் கையெழுத்துப் பிரதியைக் கரையான் தின்ற பகுதியில் இதற்கு மாறான கருத்து இருந்திருக்க வேண்டும் என்று அவருடைய மாணாக்கர் நிறுவி, அதற்காகவே உயர் பட்டமும் பெற்றுவிட்டார். இதைக் கேட்டு நகைப்போர் பொறுத்தருள்க. ஒரு புலவர் எதைக் குறிப்பிடாமல் விட்டார் என்பதை மட்டும் சான்றாகக் கொண்டு அவருடைய காலத்தை ஐந்நூறு ஆண்டு முன்னும் பின்னும் இழுத்து, இரு தரப்பாரும் மணிவிழா மலர்களில் வசைபாடிக்கொள்ளும் நாட்டில், மூன்று நாள் வெற்றிடத்தை நம்பி ஐந்து பவுன் கட்டிய வெள்ளைக்காரனைப் பழித்தல் அடாது. அவனாவது தோற்றால் பணத்தைக் கட்டிவிடுகிறான்.

காணாமை பிரமாணமென்றால், அதனால் அறியப்படும் பிரமேயம் இன்மை, அதாவது அபாவம். அன்னம்பட்டர் தம் தருக்க சங்கிரகத்தில் அபாவத்தை நான்காக வகுத்தது கிளாஸ்டன்பரியை உத்தேசித்தே என்பது என் துணிபு.

பிராகபாவம்: அறிவிக்கப்படுமுன் உள்ள இன்மை. பந்தயம் இதில்தான் உயிர் வாழ்கிறது.

பிரத்வம்சாபாவம்: இருந்து அழிந்த இன்மை. 1995இல் ஸ்டோன் ரோஸஸ் குழுவின் கிதார் வித்துவான் சைக்கிளிலிருந்து விழுந்து கழுத்துப்பட்டை எலும்பை முறித்துக்கொள்ள, அவ்விடத்துக்குப் பல்ப் குழுவினர் வந்தனர். 2010இல் யூ2 குழுவின் போனோவுக்கு முதுகில் காயம், கொரில்லாஸ் வந்தனர். 2015இல் ஃபூ ஃபைட்டர்ஸ் தலைவர் டேவ் குரோல் ஸ்வீடனில் மேடையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவ்விடத்துக்குப் பாடகி பிளாரன்ஸ் அம்மையார் ஏற்றம் பெற்றார். பந்தயம் கட்ட எண்ணுவோர் பாட்டுப் பத்திரிகைகளைப் படிப்பதினும் எலும்பு வைத்தியம் படிப்பது உசிதம் என்று இதனால் பெறப்படுகிறது. விழாவின் மூலமே இத்தகையது: 1970 செப்டம்பரில் பால்பண்ணைக்காரர் மைக்கேல் ஈவிஸ் 1 பவுன் கட்டணமும் இலவசப் பாலுமாக முதல் விழாவை நடத்தியபோது வருவதாக இருந்த கிங்க்ஸ் குழுவினர் வராமல், டைரனோசாரஸ் ரெக்ஸ் குழுவே பாடியது. பால் மட்டும் சொன்னபடி வந்தது.

அத்யந்தாபாவம்: முக்காலத்திலும் இன்மை. பிளீட்வுட் மாக் குழுவினர் இவ்விழாவில் ஒருகாலும் பாடியதில்லை. எனினும் ஆண்டுதோறும் வதந்தியில் அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. லெட் செப்பலின் நிலை இன்னும் விசித்திரம். 1970இல் பாத் விழாவில் அவர்களைக் கண்டு மனம் பறிகொடுத்தே மைக்கேல் ஈவிஸ் தம் பண்ணையில் விழா எடுத்தார். விழாவுக்குக் காரணமான குழு, குழுவாக விழாவுக்கு வரவே இல்லை. காரணம் காரியத்தில் புலப்படாமலே நிற்கும் என்பதற்கு நையாயிகர் இனிக் குயவனையும் குடத்தையும் தேடி அலைய வேண்டியதில்லை.

அன்யோன்யாபாவம்: இது அதுவன்று என்னும் இன்மை. 2023 நிகழ்ச்சி நிரலில் ‘சர்னப்ஸ்’ என்று எவரும் அறியாத பெயர் ஒன்று கண்டது; மேடையேறியவர் ஃபூ ஃபைட்டர்ஸ். 2025இல் ‘பேட்ச்வொர்க்’ என்று கண்டது, ஏறியவர் பல்ப். 1995இல் பிறர் இடத்தில் தம் பெயரோடு வந்தவர்கள், முப்பது ஆண்டு கழித்துத் தம் இடத்தில் பிறர் பெயரோடு வந்தார்கள். இந்த வாக்கியத்தை மூன்று முறை படிப்பவர்க்கு வேதாந்தம் எளிதில் கைகூடும்.

இந்நான்கிலும் அடங்காதவர் பாடகர் நீல் யங். 2025 ஜனவரித் தொடக்கத்தில், விழா பி.பி.சி.யின் பிடியில் இருக்கிறது, ஆதலால் வரமாட்டேன் என்று அறிவித்தார். ஓரிரு நாளில், தமக்குக் கிடைத்த தகவலில் பிழை, வருகிறேன் என்றார். ஜூனில் வந்து பாடியும் விட்டார். இது, ‘உண்டு, இல்லை, உண்டும் இல்லையும்’ என்று ஏழு வகையாகச் சொல்லும் சமணரின் சப்தபங்கிக்குரிய விஷயம், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மறுப்பறிக்கைகளைப் பற்றி ஒரு சொல். கலைஞர் ‘வரமாட்டேன்’ என்றால் ‘வருவேன்’ என்று கொள்வது இத்துறையில் நெடுநாள் வழக்கு. விபரீத லட்சணை என்று ஆலங்காரிகர் இதைச் சிறப்பிப்பர். 2024 ஆகஸ்டில் ஒயாசிஸ் குழுவினர், அடுத்த ஆண்டு கிளாஸ்டன்பரியிலோ வேறெந்த விழாவிலோ பாடப்போவதில்லை என்று அறிவித்தபோது விற்பன்னர் உள்ளம் பூரித்தனர். அந்தோ, அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள். ஒரு சாஸ்திரத்துக்கு இதனினும் பெரிய துரோகம் இழைக்க இயலாது.

ஞாயிறு பிற்பகலில் பழம்பெரும் கலைஞர்க்கு ஒதுக்கிய வேளையில் பாடுவோர் தலைமைக் கலைஞராவரா? ஆகார், மேற்செல்க.

புக்மேக்கருக்கு இதில் லாபம் என்ன என்று அர்த்தசாஸ்திரிகள் கேட்கலாம். பெயரை முன்கூட்டி அறிந்தவர் ஊரில் எவரேனும் இருப்பராதலால், இத்தகைய பந்தயத்தில் அவர் பெருந்தொகை வாங்குவதில்லை, சில்லறை வாங்குவார். ஒரே பெயரின்மேல் சில்லறை சற்று வேகமாக விழுந்தால் உடனே பந்தயத்தை நிறுத்துவார். நிறுத்தியதைப் பத்திரிகைகளுக்குத் தெரிவிப்பார். மறுநாள் அது செய்தியாக வரும். செய்தியில் அவர் கடைப் பெயரும் இருக்கும். விளம்பரத்துக்கு அவர் கொடுத்த கூலி பூஜ்யம். மெய்யான சூதாடிகள் வேறிடத்தில் இருக்கிறார்கள். 2025 விழாவுக்கு 2024 நவம்பரில் சீட்டு விற்பனையானபோது, ஒன்று 373 பவுன் 50 பென்ஸ் வீதம், தலைமைக் கலைஞர் ஒருவர் பெயரும் வெளிவராத நிலையில், ஒரு மணி நேரத்துக்குள் அனைத்தையும் வாங்கித் தீர்த்தனர் ஜனங்கள். அவர்களைச் சூதாடிகள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

2026இல் விழா இல்லை, நிலத்துக்கு ஓய்வு. ஆகவே அவ்வாண்டு அம்மேடையில் எவரும் பாடமாட்டார் என்பது இத்துறையில் ஐயமற நிறுவத்தக்க ஒரே முடிபாகின்றது. அதற்கு விகிதம் தர எந்தப் புக்மேக்கரும் முன்வர மாட்டாராதலின், ஐந்தாண்டு உதவித்தொகையும் ஓர் உதவியாளரும் வேண்டி மேலிடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.