சத்தம் என்பது அடுத்தவர் எழுப்புவது: பெருமாட்டி வழக்கை முன்வைத்து

சத்தம் என்றால் ஒலி என்று எழுதிவிட்டு அகராதிகள் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன. அந்த அவசரத்தால் விளைந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. தாம் எழுப்பும் ஒலியை யாரும் சத்தம் என்பதில்லை. அடுத்தவர் எழுப்புவதே சத்தம் என்பது இக்கட்டுரையின் துணிபு. இதை நிறுவப் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்துப் பெருமாட்டியை விடத் தக்க களம் அமையாது. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊராட்சி அது. அங்கே ஒரே ஒலிக்குச் ‘சத்தம்’, ‘ஒச்ச’ என்று இரண்டு பெயர். இரண்டுமே பக்கத்து வீட்டைத்தான் சுட்டும். நம் வீட்டுக் கல்யாணத்தில் ஒலிபெருக்கி பாடினால் பாட்டு. அடுத்த தெருவிலும் அதே பாட்டு, அதே மைக்செட்காரர், ஆனால் சத்தம்.

இலக்கணமும் நமக்கே சாதகம். நன்னூல் ஓசைக்கு முழக்கு, இமிழ், கம்பலை, அரவம் என 22 சொற்களை அடுக்குகிறது. சத்தம் அதில் இல்லை. பவணந்தியார் மறந்துவிட்டார் என்பது பொருந்தாது. அவர் தொகுத்தவை ஒலியின் பெயர்கள். சத்தமோ கேட்பவரின் மனநிலைக்குப் பெயர். (தொல்காப்பியம் ஆரவாரத்துக்குத் தரும் நான்கு சொற்களில் ஒன்று சும்மை. இன்று பிள்ளைகளை அடக்கச் ‘சும்மா இரு’ என்கிறோம். இரண்டுக்கும் உறவுண்டா என்பதை வேறொருவர் ஆராயட்டும்.) வடமொழியில் சப்தம் சொல்லையும் குறிக்கும், அத்தனை கௌரவமாகப் புறப்பட்ட சொல் நம்மிடம் வந்து ‘சத்தம் போடாதே’ என்ற ஏவலில் குடியேறிவிட்டது. அந்த ஏவலைத் தமக்குத் தாமே இட்டுக்கொண்டவர் எவருமில்லை.

சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படை நடக்கிறது. கொங்குப் படையை வென்றதன் நினைவாக எடுக்கும் விழா. அதன் வெடியும் மேளமும் சித்தூராருக்கு மங்கல ஒலி, கொங்கருக்கு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இன்னும் கறாரான சான்று பெருமாட்டிக்குள்ளேயே, பிளாச்சிமடையில் இருக்கிறது. 2002 ஏப்ரல் 22 அன்று கொக்கோ கோலா ஆலை வாசலில் ஆதிவாசி மக்கள் நிலத்தடி நீருக்காகப் போராட்டம் தொடங்கினார்கள். வாசலுக்கு வெளியே அது முழக்கம், உள்ளே சத்தம். உள்ளே இயந்திரங்கள் எழுப்பிய ஒலிக்கோ உற்பத்தி என்று பெயர். 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி ஓய்ந்தது. முழக்கம் ஓயவில்லை.

டெசிபல் என்று ஓர் அளவு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று அறிவியலார் கேட்கலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டியிருப்பது உண்மையே. ஆனால் வரம்பை 10 டெசிபல் தாண்டினால் ஒருவர் புகார் செய்யலாம் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. தம் வீட்டு ஒலிபெருக்கி மேல் தாமே புகார் கொடுத்தவர் உண்டா? ‘நேத்து அவனை நல்லா சத்தம் போட்டேன்’ என்று தன்மையிலும் வருகிறதே என்பது அடுத்த மறுப்பு. அதைச் சொல்லும்போது அவர் கத்தவில்லை. திட்டு வாங்கியவன் காதால் தம்மைக் கேட்டு மகிழ்கிறார், அவ்வளவுதான். ‘வந்ததும் ஒரு சத்தம் குடுங்க’ என்பதிலும் குரல் கொடுக்க வேண்டியவர் எதிராளியே.

வண்டிச் சத்தம் என்றால் வண்டி வாடகை, அதில் ஒலி எங்கே என்ற மறுப்பு மட்டும் சற்றுக் கனமானது. ஆனால் வாங்குகிறவருக்கு அது வரும்படி, கொடுக்கிறவருக்குத்தான் சத்தம். மீட்டர் போடாத ஆட்டோவில் போய் இறங்கியவர்கள், இரு பொருளும் ஒன்றே என்பதற்கு மேற்கொண்டு சான்று கேட்கமாட்டார்கள்.