இழுவையியல்: சிறு டிரெய்லர் குறித்து ஒரு பேராராய்ச்சி

பாயிரம்

அமெரிக்க நெடுஞ்சாலையில் காணப்படும் பொருள்கள் இருவகைப்படும்: இழுப்பன, இழுபடுவன. இழுப்பனவற்றுக்குப் புகழ் அதிகம். ஃபோர்டு கம்பெனி 1948-ல் எஃப் வரிசைப் பிக்கப்பை இறக்கியதிலிருந்து அதன் குதிரைத்திறனைப் பாடி அலுத்தவர் இல்லை. இழுபடுவனவற்றுள் கடைக்குட்டியான சிறு டிரெய்லரை மட்டும் எந்த ஆராய்ச்சியாளரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. நாலடி அகலம், எட்டடி நீளம், ஒரே அச்சு, இரண்டே சக்கரம். புல்வெட்டும் மெஷினையும் பழைய சோபாவையும் சுமக்கும் நாள் போக, மற்ற நாளெல்லாம் கொல்லைப்புறத்தில் மழையில் நனைந்து துருவேறிக் கிடக்கும். அக்குறை நீக்க எழுந்தது இந்நூல்.

நூற்பெயர், இழுவையியல். எல்லை: வடக்கே கனடா, தெற்கே மெக்சிகோ, மற்ற இருபுறமும் கடல், கடலோரத்தில் படகு இறக்கும் சரிவில் கடைசிச் சக்கரம் நனையும் இடம் வரை. கேட்போர், டிரெய்லரை இரவல் வாங்குவோர். பயன், புறப்படும்போது பின்னால் இருந்தது போய்ச் சேரும்போதும் பின்னாலேயே இருத்தல்.

துறையின் தோற்றுவாய் 1914, டெட்ராய்ட். ஃபிரெடரிக் சிப்லி என்ற மரவியாபாரிக்குத் தம் படகை வெளியூருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆகஸ்ட் ஃபுரூஹாஃப் என்ற கொல்லரிடம் போனார். ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு வண்டியைக் கொல்லர் செய்து கொடுத்தார். படகு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததும் மரம் ஏற்றவும் அதே மாதிரி வேண்டும் என்றார் சிப்லி, பட்டறை கம்பெனியாயிற்று. அடுத்த திருப்பம் 1945-ல். லெனார்டு ஷோன், மனைவி ஆனா மேரியோடு சேர்ந்து வாஷிங்டன் மாநிலத்தில் யூ-ஹாலைத் தொடங்கி, டிரெய்லரை வாடகைக்கு விட்டார். டிரெய்லர் இழுக்கத் தெரிந்தவன்தான் டிரெய்லர் இழுக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு அன்றோடு ஒழிந்தது. இந்நூலுக்குத் தேவையும் அன்றுதான் பிறந்தது.

இந்நூலின் துணிபு ஒன்றே: பெரிய டிரெய்லரைக் காட்டிலும் சிறிய டிரெய்லரே அஞ்சத்தக்கது. காரணம், அதற்கு யாரும் அஞ்சுவதில்லை. குதிரை ஏற்றும் டிரெய்லரை மாட்டுகிறவன் நாலு தடவை சுற்றி வந்து பார்க்கிறான். சோபா ஏற்றுகிறவன் காபிக் குவளையோடு வந்து, காலால் டயரை ஓர் உதை உதைத்துவிட்டு ஏறிக்கொள்கிறான். சட்டமும் சின்னதிடம் செல்லம் காட்டுகிறது. பல மாநிலங்களில் மொத்த எடை 3,000 பவுண்டைத் தாண்டினால்தான் டிரெய்லருக்கென்று தனி பிரேக் கட்டாயம். டெக்சாஸ் தாராள மனசு கொண்டது. அங்கே 4,500 பவுண்டு. அதாவது இரண்டு டன் பாரம், தனக்கென ஒரு பிரேக்கும் இல்லாமல், சட்டப்படியே உங்கள் முதுகுக்குப் பின்னால் வரலாம்.

பரபக்கம்

பிறர் மதம் மறுத்தே தன் மதம் நிறுவுதல் மரபாதலின், முதலில் விளம்பர மதத்தாரை எடுத்துக்கொள்வோம். இவர்களுடைய கொள்கை, என் வண்டி 13,000 பவுண்டு இழுக்கும், ஆகவே எனக்குக் கவலையில்லை என்பது.

அந்த எண் ஆகாயத்திலிருந்து விழுந்ததன்று. அதற்கு ஜே2807 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணை அருகே 11.4 மைல் நீள ஏற்றம் ஒன்று அதன் உரைகல். ஏசியை முழுசாகத் திருகிவிட்டு, டிரெய்லரோடு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறிக் காட்ட வேண்டும். அந்த வெயிலில் ஏசியை நிறுத்தாமல் ஏறும் வண்டியை வணங்கத் தடையில்லை. ஆனால் அதே தரநிலை நிறுத்திக் காட்டவும் ஆடாமல் ஓடிக் காட்டவும் சொல்கிறது. விளம்பரத்தில் அந்த அத்தியாயத்தைக் காணோம்.

மூல ஆவணம் வேறிடத்தில் இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சிறு ஸ்டிக்கர். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பல பிக்கப்புகளில் அது 1,500 பவுண்டு பக்கம்தான் வரும். டிரெய்லரின் மூக்கு, வண்டியின் பின்னாலுள்ள ஹிட்ச்சில் அழுத்தும் எடையும் இந்தக் கணக்கில் சேரும். கூடவே மச்சான், மச்சானின் நாய், டிரக் தொட்டியில் கிடக்கும் டூல் பாக்ஸ், போன குளிர்காலத்தில் பனிக்காகப் போட்டு இறக்க மறந்த மணல் மூட்டைகள். 13,000 என்பது மேடைப் பேச்சு. ஸ்டிக்கர் பத்திரப் பதிவு.

கொளுவியல்

ஹிட்ச் பந்து மூன்று அளவில் பெரிதும் புழங்குகிறது: 1⅞ அங்குலம், 2 அங்குலம், 2 5/16 அங்குலம். அளவைப் பந்தின் தலையிலேயே பொறித்திருப்பார்கள். துருவும் கிரீசும் படிந்திருக்கும். கல்வெட்டுப் படிப்பவர்போலத் துணியால் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் படிக்க வேண்டும். பந்தைக் கவ்வும் டிரெய்லரின் கப்ளரிலும் அதன் அளவு இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே இவ்வியலின் முதல் விதியும் முக்கால்வாசி சாரமும்.

ஏனெனில் முதலிரண்டு அளவுக்கும் இடையில் மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 2 அங்குலக் கப்ளரை 1⅞ பந்தின்மேல் இறக்கினால் மறுப்பேதும் சொல்லாமல் உட்காரும். நெம்பைத் தள்ளினால் ‘டக்’கென்று விழும். பூட்டும் ‘பின்’னும் ஓட்டைக்குள் நுழையும். எல்லாச் சடங்கும் முறைப்படி முடிந்து, ரயில்வே கேட்டைத் தாண்டும்போது கப்ளர் பந்தைவிட்டு எகிறிவிடும். ஆகவே ‘டக்’கை நம்பாதீர்கள். மாட்டிய பிறகு டிரெய்லரின் முன்ஜாக்கை இரண்டு சுற்று சுற்றி மேலே ஏற்றுங்கள். டிரக்கின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால் பிடித்திருக்கிறது. டிரெய்லர் மட்டும் எழுந்து வந்தால், வாசலிலேயே தெரிந்ததற்குச் சந்தோஷப்படுங்கள்.

சங்கிலி இரண்டு. இடதை வலத்திலும் வலதை இடத்திலுமாகக் குறுக்கே மாட்ட வேண்டும். ஏன் குறுக்கே என்று கேட்டால், ‘எங்கப்பா அப்படித்தான் மாட்டுவார்’ என்பதே நாடெங்கும் கிடைக்கும் பதில். மரபு சரிதான், காரணமும் உண்டு. கப்ளர் கழன்றால் மூக்கு சாலையில் குத்தாமல், குறுக்கிட்ட சங்கிலிகள் தொட்டிலாக அதை ஏந்திக்கொள்ளும். வளைவில் திரும்பும் அளவுக்குத் தொய்வு வேண்டும். தார்ச்சாலையைத் தொடும் அளவுக்குக் கூடாது. தொட்டால் தீப்பொறி பறக்கும். இரும்பு சாலையில் உரசுவது என்ன செய்யும் என்பதற்குச் சான்று கலிபோர்னியாவில் உண்டு. 2018 ஜூலையில் ரெடிங் நகரத்துப் பக்கம் ஒரு டிரெய்லரின் டயர் காற்றிறங்கி, சக்கர விளிம்பு சாலையை உரசியது. அந்தப் பொறியில் பிடித்த, ‘கார்’ (Carr) என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ 2 லட்சத்து 29 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின, உயிர்களும் போயின. இந்த இடத்தில் நகைச்சுவைக்கு வேலையில்லை.

விளக்கு ஒயர் நான்கு. பழுப்பு பின்விளக்குக்கு, மஞ்சள் இடத்துக்கு, பச்சை வலத்துக்கு, வெள்ளை எர்த்துக்கு. இடதுபக்கம் இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாகச் சிமிட்டுகிறதா? ஃபியூஸையும் பல்பையும் மாற்றிப் பணத்தை விடாதீர்கள். வெள்ளை ஒயரை டிரெய்லர் சட்டத்தில் முடுக்கியிருக்கும் திருகைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி முடுக்குங்கள். குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருப்பான்.

பாரவியல்

மாட்டுவண்டி ஓட்டியவருக்கு இவ்வியலை விளக்க வேண்டாம். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் கூடினால் ஏர்க்கால் வானத்தைப் பார்க்கும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். டிரெய்லருக்கும் அதே நியாயம்தான். தண்டனை மட்டும் வேறு. மாணாக்கர் மனனம் செய்யும் பொருட்டு யாமே யாத்த நூற்பா வருமாறு:

முன்பால் அறுபது பின்பால் நாற்பது
பின்பால் மிகினே வால்நனி ஆடும்.

பொழிப்புரை: அச்சுக்கு முன்னால் நூற்றுக்கு அறுபது பங்கு பாரமும் பின்னால் நாற்பது பங்கும் இருக்குமாறு ஏற்றுக. மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை மூக்கில் அழுத்த வேண்டும். 2,000 பவுண்டு டிரெய்லருக்கு 200 முதல் 300.

இதை அளக்கக் கருவி வேண்டுமே என்று திகைக்க வேண்டாம். குளியலறையில் எடை பார்க்கும் மெஷின் போதும். சமதளத்தில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரங்களுக்கு அணை கொடுத்து, மெஷின்மேல் ஒரு மரக்கட்டை வைத்து, இழுக்கும்போது இருக்கும் உயரத்தில் மூக்கை அதன்மேல் இறக்குங்கள். ஊசி காட்டுவதைக் குறித்துக்கொண்டு, வீட்டில் தேடுவதற்குள் மெஷினைத் துடைத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

பின்பாரம் மிகுந்தால் நிகழ்வது இது. 45 மைலில் சாதுவாக வரும். 50-லும் குற்றம் சொல்ல முடியாது. 58, 60 என்று ஏறும்போது கண்ணாடியில் டிரெய்லரின் இடது மூலை எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். பிறகு வலது மூலை. பிறகு இடது, முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாக. ஒரு வேகத்துக்கு மேல் இந்த ஆட்டம் தானாக அடங்காது, ஒவ்வொரு வீச்சிலும் வளரும். கடைசியில் வால் நாயை ஆட்டும். அப்போது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். டிரக்கின் பிரேக்கை ஓங்கி மிதிப்பது கூடாது. டிரெய்லருக்குத் தனி பிரேக்கும் கையால் இயக்கும் கட்டுப்பாடும் இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்தலாம். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்றொரு பாடம் சில ஏடுகளில் காணப்படுகிறது. அது பிற்கால இடைச்செருகல். ஆட்டம் நின்றதும் ஓரங்கட்டி, பாரத்தை முன்னால் தள்ளிக் கட்டுங்கள். அப்படியே ஓட்டிச் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவரிடம் வாதம் செய்வதில் பயனில்லை.

கட்டுதல் பற்றி ஒரு மானிடவியல் குறிப்பு. அமெரிக்க ஆண், ராட்செட் பட்டையை இறுக்கி முடித்ததும் சரக்கை உள்ளங்கையால் இருமுறை தட்டி, ‘இது எங்கேயும் போகாது’ என்கிறான். எல்லா மாநிலத்திலும் எல்லா வயதினரும் இதைச் செய்கிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை. மந்திரத்தின் பலன் பட்டையின் நிலையைப் பொறுத்தது. வெயிலில் வெளுத்து ஓரம் பிசிறிய பட்டைக்கு மந்திரம் பலிப்பதில்லை. சோபா மெத்தையைப் பட்டைக்கு வெளியே சும்மா வைத்துவிட்டு, ‘பத்து நிமிஷந்தானே’ என்கிறவனுக்கும் பலிப்பதில்லை. அந்த மெத்தை பின்னால் வருபவன் கண்ணாடியில் போய் விழும்.

சக்கரவியல்

டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, கிழடாகிச் சாகிறது. பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் பொறிப்பின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றிருந்தால் 2018-ம் ஆண்டின் 23-ம் வாரத்தில் பிறந்தது. பூ அழியாமல் புதிதாகத் தெரிந்தாலும் பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்பு ஓடியிருந்தால் அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். இவ்வகை டயர்கள் பலவற்றின் வேக வரம்பு நெடுங்காலமாக மணிக்கு 65 மைல். யூ-ஹால் தன் டிரெய்லர்களுக்கு 55 என்கிறது. கலிபோர்னியாவில் எதையாவது இழுத்துச் செல்பவருக்குச் சட்டமே 55 என்கிறது. டெக்சாஸில் ஆஸ்டினுக்குத் தெற்கே ஓடும் 130-ம் எண் கட்டணச் சாலையிலோ 85 வரை போகலாம். சாலை அனுமதிப்பதை டயரும் அனுமதிக்கும் என்று சாலை எங்கும் எழுதி வைக்கவில்லை.

முதல் இருபது மைலில் ஓர் இடத்தில் நிறுத்தி, சக்கரக் குடத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கையை வெடுக்கென்று எடுக்க வைத்தால் பேரிங்கில் கிரீஸ் இல்லாதிருக்கலாம்.

பின்னோக்கியல்

முன்னால் போவது உடலுழைப்பு, பின்னால் போவது தத்துவம். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். இதற்கு முன்னோர் கண்ட உபாயம், ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையைக் கொஞ்சமாக நகர்த்துவது. கொஞ்சம் என்பதுதான் உயிர்நாடி. நம் துணிபு இங்கேதான் ஐயமற நிறுவப்படுகிறது: நீண்ட டிரெய்லர் யோசித்துத் திரும்பும், குட்டை டிரெய்லர் யோசிக்காது. வெறும் டிரெய்லரோ டிரக்கின் பின்கதவுக்குக் கீழே மறைந்து கிடக்கும். கண்ணாடியில் தெரியும்போது அது ஏற்கெனவே மடங்கிவிட்டிருக்கும்.

கோடைச் சனிக்கிழமைக் காலையில் மிச்சிகனில் ஏதாவதொரு ஏரிக்கரையின் படகுச் சரிவுக்குப் போனால் இவ்வியலைச் செயல்முறையில் காணலாம். கணவர் டிரக்கில். மனைவி தண்ணீரோரம் நின்று கையை வீசுகிறார். “லெஃப்ட்!” என்கிறார். யாருடைய லெஃப்ட் என்பதில் உரையாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. டிரக் ஓட்டுபவரின் இடமா, டிரெய்லர் போக வேண்டிய இடமா, ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டிய இடமா என்று மூன்று உரைகள். மூன்றும் தெரிந்தவர்கள் பின்னால் வரிசையில் காத்திருக்கிறார்கள். அவர்களும் உரக்க உரை சொல்கிறார்கள். ஏறுவதற்கு முன்பே இருவரும் ஒரே உரையை ஒப்புக்கொண்டால் மணவாழ்க்கைக்கு நல்லது. வழிகாட்டுபவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். சந்தேகம் வந்தால் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். நேராகவில்லை என்றால் முன்னால் போய் மறுபடி வருவதில் ஒரு மானக்கேடும் இல்லை.

டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இரவல் கேட்டு வருகிறவரிடம், ‘உங்கள் பந்து எத்தனை அங்குலம்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தலையைச் சொறிந்தால் டிரெய்லரைக் கொடுக்காதீர்கள். சோபாவை நீங்களே கொண்டுபோய் இறக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.