மேடேறும் கேள்விகள்

பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் நடக்கும் ஆல்ப் துவெஸ் ட்ரையத்லானில் கலந்துகொண்டதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் சில:

நீச்சல், சைக்கிள், ஓட்டம்: இவற்றில் ஒன்றைச் செய்தாலே உடம்புக்கு நல்லதுதானே? ஏன் மூன்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டும்?
– வாசகி, சேலம்

மூவரில் யார் பலசாலி என்று முடிவு கட்டத்தான்! நீந்துபவரா, ஓடுபவரா, சைக்கிள்காரரா என்று ஹவாயில் ஒரு வாதம் எழுந்தது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், மூன்றையும் சேர்த்து ஒரே போட்டியாக வைத்துவிடலாம் என்றார். 1978இல் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். அயர்ன்மேன் போட்டி பிறந்த கதை இது. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கிலும் ட்ரையத்லான் இடம் பிடித்தது. உடம்புக்கு நல்லது வேண்டுமென்றால் ஒன்று போதும். உங்களை நீங்களே அறிய வேண்டுமென்றால் மூன்றும் வேண்டும்.

சமவெளிப் போட்டிக்கும் மலைப் போட்டிக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? தூரம் தூரம்தானே?
– கல்லூரி மாணவர், திருச்சி

சமதரையில் 200 வாட் சக்தியோடு மிதித்தால் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் போகலாம். 8 சதவீத ஏற்றத்தில் அதே 200 வாட்டுக்குக் கிடைப்பது சுமார் 10 கி.மீ. கால் அதேதான், உழைப்பும் அதேதான். வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் புவியீர்ப்பு எடுத்துக்கொள்கிறது. ஆல்ப் துவெஸ் நீண்ட போட்டியில் 2.2 கி.மீ. நீச்சல், ஏறத்தாழ 118 கி.மீ. சைக்கிள், சுமார் 20 கி.மீ. ஓட்டம். சைக்கிள் பாதையில் மூன்று பெரிய ஏற்றங்கள். கூட்டினால் 3,000 மீட்டருக்கு மேல். ஆகவே மலையில் தூரத்தைக் கேட்காதீர்கள், உயரத்தைக் கேளுங்கள்.

எங்கள் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆல்ப் துவெஸ் ஏற்றத்தின் வெறும் 21 வளைவுக்காக பிரான்ஸ் வரை போக வேண்டுமா?
– வாசகர், நாமக்கல்

வளைவுக் கணக்கில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள்! ஆனால் வளைவு சைக்கிள்காரருக்கு நண்பன். பெரும்பாலும் அங்கே சாலை சற்றுத் தட்டையாகும். இரண்டு மூச்சு கூடுதலாகக் கிடைக்கும். கடினம் வளைவுகளுக்கு இடையில்தான். ஆல்ப் துவெஸுக்கு ஏறும் அந்தக் கடைசி 13.8 கி.மீ. பாதை சராசரியாக 8 சதவீதம் ஏறி, சுமார் 1,100 மீட்டர் உயர்கிறது. அடிவாரத்திலேயே மிகச் செங்குத்து. அதுவும் முதல் இரண்டு ஏற்றங்களை முடித்த கால்களுக்கு!

வளைவுகளுக்கு 21இல் தொடங்கி 1 வரை இறங்குமுகமாக எண் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் அங்கே வென்ற டூர் டி பிரான்ஸ் வீரரின் பெயர்ப்பலகை. 1952இல் முதலில் வென்றவர் ஃபௌஸ்டோ கோப்பி. அவர் வியர்வை சிந்திய சாலையில் எந்த ஊர்க் குமாஸ்தாவும் ஓட்டலாம் என்பதுதான் இந்த விளையாட்டின் பெருமை. கொல்லிமலையில் பழகியவருக்கு அந்தச் சாலை அந்நியமாகத் தெரியாது. விடிந்ததும், பேருந்துகள் வருமுன் ஏறிப் பழகுங்கள்.

லட்ச ரூபாய் சைக்கிள் வாங்கினால் சீக்கிரம் ஏறலாமா?
– வங்கி ஊழியர், கோவை

கணக்கைப் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 84 கிலோ என்று வையுங்கள். ஒன்றேகால் மணி நேர ஏற்றத்தில் ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு நிமிடம் மிச்சம். அந்த ஒரு நிமிடத்துக்கு லட்சம் கொடுப்பது உங்கள் விருப்பம். அதைவிட லேசான கியர் மாற்றிக்கொள்ளுங்கள். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் மணிக்கு 9 கி.மீ. வேகத்திலும் நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்கலாம், முழங்கால் வாழ்த்தும். பட்டினி கிடந்து எடை குறைக்க மட்டும் வேண்டாம். வெறும் வயிறு மேடேறாது.

நீச்சல் எங்கே? மலை உச்சியில் கடலா இருக்கிறது?
– பள்ளி ஆசிரியை, தூத்துக்குடி

வெர்னே என்ற ஏரியில், டீச்சர். நீர்மின் நிலையத்துக்கான தேக்கம் அது. மற்ற நாட்களில் அங்கே குளிக்கத் தடை. போட்டிக்கு மட்டும் அனுமதி. மலைத் தண்ணீர் என்பதால் குளிர் தாங்கும் வெட்சூட் உடை அணிந்தாலும் முகம் சில்லிடும். உங்கள் ஊர்க் கடலில் பழகியவர்களுக்கு முதல் சில நிமிடம் மூச்சு முட்டும். பதறாமல் நீளமாக மூச்சை வெளியே விட்டால் உடம்பு தானாக அடங்கும்.

பாதி வழியில் சக்தி தீர்ந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எப்படித் தவிர்ப்பது?
– மாரத்தான் ஓடுபவர், சென்னை

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே. மலைப் போட்டியில் சக்தி மாதச் சம்பளம் மாதிரி. முதல் தேதி கை நிறைய இருக்கும்போதுதான் எண்ணிச் செலவு செய்ய வேண்டும். முதல் ஏற்றத்தில் உங்களை முந்திப் போகிறவரைப் போக விடுங்கள். பேச முடிகிற அளவு மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். அதுவே உங்கள் வேகம். அடுத்தவர் முதுகைப் பார்த்து ஓட்டுகிறவர் அடுத்தவருடைய போட்டியை ஓட்டுகிறார்.

சாப்பாட்டிலும் இதே ஒழுங்கு. மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து, கூடவே உப்பும் தண்ணீரும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. ஏற்றம் தொடங்குமுன்பே சாப்பிடுங்கள். ஏறும்போது வாய்க்கு மூச்சு வாங்கவே நேரம் போதாது. வயிற்றையும் பயிற்சி நாட்களிலேயே பழக்க வேண்டும்.

மேலே போய்ச் சேர்ந்த பிறகும் ஓட்டமா? மனசாட்சி வேண்டாமா?
– வாசகி, மதுரை

இருக்கிறது, அம்மா! சுமார் 1,850 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமாக. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் ஆக்ஸிஜன் குறைகிறது. செங்குத்தான மேட்டில் வேகமாக நடப்பவர், திணறி ஓடுபவருக்குச் சமமாகவே போய்ச் சேர்வார். நடப்பதற்கு வெட்கப்படவே கூடாது.

கடைசியாக வந்தால் அவமானம் இல்லையா?
– பெயர் வேண்டாம் என்றவர், ஈரோடு

பெயரைப் போட்டே கேட்டிருக்கலாம், சார். நார்வேயில் 2003 முதல் நடக்கும் நார்ஸ்மேன் போட்டியைப் பாருங்கள். படகிலிருந்து குளிர்ந்த கடல்நீரில் குதித்துத் தொடங்கி, கௌஸ்டாடோப்பன் மலை உச்சியில் முடிகிறது. முதல் 160 பேர் உச்சிக்கு ஏறிக் கறுப்பு டி-ஷர்ட் பெறலாம். மற்றவர்கள் கீழேயே முழுத் தூரத்தை முடித்து வெள்ளை டி-ஷர்ட் பெறுகிறார்கள். பரிசுப் பணம் கிடையாது. 180 கி.மீ. சைக்கிளும் ஒரு முழு மாரத்தானும் இரண்டு நிறத்துக்கும் பொது. தொழில்முறை வீரர் முடித்துவிட்டுக் குளித்துச் சாப்பிடும் நேரத்திலும் நம்மைப் போன்றவர் வெயிலில் நின்று போராடுகிறார். அதிக நேரம் உழைத்தவருக்கு எதற்கு அவமானம்?

என் கணவருக்கு 48 வயது. இதில் இறங்கப் போகிறேன் என்கிறார். விடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள். இதயப் பரிசோதனை அவசியம். அடுத்து ஒரு நிபந்தனை போடுங்கள்: ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் சைக்கிளுக்குப் போனால், அந்த நான்கு மணி நேர வீட்டு வேலையை இன்னொரு நாள் அவர் செய்ய வேண்டும். குடும்பத்தின் தோளில் ஏறிச் செய்யும் மலையேற்றத்தில் பெருமை இல்லை. முடிந்தால் நீங்களும் சேருங்கள். ஒலிம்பிக் அளவு 1.5, 40, 10 கி.மீ.; அதில் பாதியிலும் போட்டிகள் உண்டு. யார் வேகம் என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும்!

ஏறும்போது மனதில் என்ன ஓடும்?
– வாசகர், புதுச்சேரி

கணக்கு. இன்னும் எத்தனை வளைவு, அடுத்த வாய் தண்ணீர் எப்போது.

இறங்கும்போது?
– அதே வாசகர்

பிரேக். வளைவுக்கு முன்பே, இரண்டையும்.